குந்தவையின் மணமும் வாசகர் வழக்கும்



எங்கள் எடப்பாடியில் தறியின் ஓசை சற்றே அடங்கும் மாலைப் பொழுதில், நூலகத்தில் கூடி, படித்த நூலைப் பற்றிப் பேசும் வழக்கம் ஒன்று உண்டு. நெசவாளர், கடைக்காரர், கல்லூரி மாணவர், என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். அண்மையில் ஒரு நாள் அங்கே எடுத்துக்கொண்ட நூல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 2022-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் அக்கதை இரு பாகங்களாகத் திரைப்படமாக வந்த பிறகு, அந்நூலைத் தேடி வரும் இளைஞர் தொகை பெருகியிருக்கிறது. அன்று நடந்த வாதம் போரைப் பற்றியதன்று, சதியைப் பற்றியதுமன்று. கல்யாணத்தைப் பற்றியது.

கல்கி என்னும் ரா. கிருஷ்ணமூர்த்தி நம் பக்கத்துக்குப் புதியவர் அல்லர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-ஆம் ஆண்டு தோன்றிய காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியின் கீழ் அவர் பணி செய்தார். மதுவிலக்கைப் பரப்ப அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ என்னும் இதழுக்குத் துணை நின்றார். பிற்காலத்தில் 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் தம் வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடரைத் தொடங்கி, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் எழுதி 1954-இல் முடித்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார். கதை முடிந்தபோது வாசகர் பலரும், இன்னாருக்குப் பின்னர் என்ன ஆயிற்று, அன்னாருக்கு என்ன நேர்ந்தது என்று வினவ, அவர் முடிவுரை எழுதி விடை கூற நேர்ந்தது. ஆகவே இந்நூலைக் குறித்து வாசகர் வழக்காடுவது நூலின் வயதேயுடைய பழக்கம் எனலாம்.

எங்கள் கூட்டத்து வழக்கு இதுதான். கதையில் கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் மணிமேகலை என்றொருத்தி வருகிறாள். அவள் தமையன் கந்தமாறன், தன் நண்பன் வந்தியத்தேவனின் புகழைச் சொல்லிச் சொல்லி அவள் மனத்தில் ஆசையை விதைக்கிறான். பிறகு அரசியற் காற்று மாறுகிறது. மதுராந்தகனுக்கு அவளைக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறார்கள். பின்னர் ஆதித்த கரிகாலனுக்கே கொடுத்தால் என்ன என்று எண்ணுகிறார்கள். அப்பெண்ணோ முதலில் விதைத்த விதையையே வளர்த்துக்கொண்டு, இறுதியில் வாடி உதிர்கிறாள்.

முதிர்ந்த நெசவாளர் ஒருவர் சொன்னார்: “பெற்றவர்கள் பார்த்து முடிப்பதில் குற்றம் இல்லை. ஒரு வீட்டுக்குச் சொன்ன சொல்லை, பெரிய இடம் கிடைத்ததும் மாற்றினார்களே, அதுதான் குற்றம்.” கல்லூரி மாணவர் ஒருவர் மறுத்தார்: “குந்தவையைப் பாருங்கள். அயல் நாட்டு அரசர் எவரையும் மணந்து போக மாட்டேன் என்று நின்று, தன் மனத்துக்கு இசைந்த வந்தியத்தேவனை வரித்தாள் அன்றோ? ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் நாட்டில் அரசகுமாரிக்கு அந்த உரிமை இருந்திருக்கிறது. இது சரித்திரம்.” பெரியவர் விடவில்லை. “அந்தக் குந்தவைதானே வானதியைத் தன் தம்பிக்கு என்று பார்த்து வைத்தாள்? தனக்கு ஒரு நியாயம், கொடும்பாளூர்ப் பெண்ணுக்கு ஒரு நியாயமா?” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அப்பொழுது, கல்லூரியில் முதலாண்டு பயிலும் ஒரு பெண் எழுந்து, “கதையை விடுங்கள் ஐயா. உண்மையில் வாழ்ந்த அந்த இளவரசிகளை யாராவது கேட்டார்களா?” என்று என்னைப் பார்த்து வினவினாள். சிரிப்பு நின்றது. விடை சொல்ல எனக்கு ஒரு வாரம் வேண்டும் என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் திரும்பப் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் குந்தவையாரை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் அவரை முதலாம் இராசராசனின் தமக்கையார் என்றும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றும் குறிக்கின்றன. மணத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி அவ்வளவே. எந்த வயதில் மணந்தார், யார் பேசி முடித்தார், விரும்பி மணந்தாரா என்பவற்றுள் ஒன்றையும் கல் கூறவில்லை. வந்தியத்தேவரைப் பற்றியோ மிகச் சில குறிப்புகளே உள. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவப் பண்டாரத்தார் 1949-இல் வெளியிட்ட ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ முதற்பகுதியும் அறிஞர் கையில் இருந்த காலத்தில், கல்கி அந்த ஒற்றைத் தொடரைப் பாவாக இழுத்துக் கட்டித் தம் கற்பனையை ஊடையாக ஓட்டினார். நெய்த சேலை அழகியது. ஆயினும் ஊடையைக் காட்டி அதுவே பாவு என்று சொல்லுதல் பொருந்தாது. ஆதலின், இது சரித்திரம் என்று அந்த மாணவர் சொன்னது பிழை. குந்தவையார் காதலித்து மணந்தார் என்பதற்குச் சான்று இல்லை. பிறர் முடித்த மணம் என்பதற்கும் நேரான சான்று இல்லை.

அப்படியாயின் அக்காலத்து அரசர் குடும்பங்களின் மண வழக்கம் யாது? நாகப்பட்டினம் பக்கத்தில் செம்பியன் மாதேவி என்னும் ஊர் உளது. அங்குள்ள கோயிற் கல்வெட்டுகள் உத்தம சோழனின் தேவியர் பலரைக் குறிப்பிடுகின்றன. ஒருவர் இருங்கோளர் மகளார். ஒருவர் விழுப்பரையர் மகளார். ஒருவர் பழுவேட்டரையர் மகளார். அவ்வூருக்குப் பெயர் தந்த செம்பியன் மாதேவியாரே மழவரையர் மகளார் என்று அறியப்படுபவர். இப்பட்டியலை வரிசையாகப் படித்துப் பாருங்கள். எந்தச் சிற்றரசர் துணையின்றிச் சோழப் பேரரசு நிற்க இயலாதோ, அவர் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு பெண் அரண்மனைக்கு வந்திருக்கிறார். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் குலப் பெண்ணை மணந்ததை அன்பில் செப்பேடுகள் கூறுகின்றன. கொடும்பாளூர் மூவர் கோயில் வடமொழிக் கல்வெட்டு, அனுபமா என்னும் சோழ இளவரசி வேளிர் குடிக்கு மருமகளாகச் சென்றதைச் சொல்கிறது. கொள்வனையும் கொடுப்பனையும் படை உடன்படிக்கைக்கு நிகராக இருந்தன.

இதனினும் தெளிவான சான்று வேங்கி நாட்டு உறவு. வேங்கி என்பது கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட செழுமையான பகுதி. கீழைச் சாளுக்கியர் ஆண்டது. மேலைச் சாளுக்கியர் அதன்மீது கண்வைத்திருந்தனர். இராசராசன் தன் மகள் ஒருத்தியை வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அம்மகளுக்கும் குந்தவை என்றே பெயர். அத்தையின் பெயரை இட்டனர். தேர்வெழுதும் மாணவர் இவ்விருவரையும் ஒருவராக மயங்குதல் வழக்கம்; மயங்காதிருங்கள். விமலாதித்தன் 1011-இல் முடிசூடினான். இவர்கள் மகன் இராசராச நரேந்திரன். அவன் 1022-இல் முடிசூடினான்; நன்னயர் தெலுங்கில் பாரதம் பாடியது அவன் அவையிலேதான். அவன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கை தேவியை மணந்தான். இவர்கள் மகன் மீண்டும் சோழ குலத்து மதுராந்தகியை மணந்தான்; அவள் இரண்டாம் இராசேந்திரனின் மகள். வீரசோடனின் செல்லூர்ச் செப்பேடுகள் இவ்வுறவை விளங்க எடுத்துரைக்கின்றன.

இவ்வுறவு முறையை நம் கொங்கு நாட்டு முறையில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். நரேந்திரன் மணந்த அம்மங்கை அவன் தாயின் உடன்பிறந்தான் மகள்; அதாவது மாமன் மகள். அவர்கள் மகன் மணந்த மதுராந்தகியும் அம்மங்கையின் உடன்பிறந்தான் மகள். அவளும் மாமன் மகளே. நம் வீடுகளில் ‘முறைப் பெண்’ என்று எதைச் சொல்கிறோமோ, அதே முறையைத்தான் கோதாவரிக் கரைக்கும் காவிரிக் கரைக்கும் இடையே மூன்று தலைமுறை நடத்தினார்கள். நம் முன்னோர் நிலம் பிரியாதிருக்கச் செய்ததை, அவர்கள் நாடு பிரியாதிருக்கச் செய்தனர். விளைவு என்ன? 1070-இல் சோழன் அதிராசேந்திரன் அரசேறிய சில திங்களிலேயே இறந்துபட, மதுராந்தகியின் கணவன் சோழர் அரியணையில் ஏறினான். அவனே முதலாம் குலோத்துங்கன். தந்தை வழியில் சாளுக்கியன், தாய் வழியில் சோழன். அரை நூற்றாண்டுக்கு மேல் அவன் ஆண்டான்.

ஆனால் இத்தகைய மணங்கள் எப்பொழுதும் அமைதி தந்தன என்று எண்ணிவிட வேண்டா. வீரராசேந்திரன் தன் மகளை மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்தான். நெடுங்காலம் பகைத்திருந்த இரு குலங்கள் உறவாயின. வீரராசேந்திரன் மறைந்ததும் மைத்துனன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்த விக்கிரமாதித்தனே தெற்கே வந்தான். அவன் திரும்பிய பின் அதிராசேந்திரன் இறந்தான். குலோத்துங்கன் அரசன் ஆனான். பகை மீண்டும் மூண்டது. இவற்றை நமக்குப் பாடிச் சொன்னவர் பில்கணர் என்னும் காசுமீரப் புலவர். அவர் விக்கிரமாதித்தன் அவைக்களத்தவர். எனவே அவர் நூலில் அவன் பெருமையே பேசப்படும். தந்தையின் எண்ணம் அதில் உளது. மாப்பிள்ளையின் வீரம் உளது. அப்பெண்ணின் மனம் என்னவாயிற்று என்று கேட்டால், தந்தை நாட்டிலிருந்து செய்தி ஒவ்வொன்றாக வந்தபோது அவள் என்ன எண்ணினாள் என்று கேட்டால், விடை இல்லை.

இக்குறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. சுந்தர சோழர் காலத்தை ஒட்டி, 972-ஆம் ஆண்டு, கிழக்கு ரோமப் பேரரசிலிருந்து தியோபனோ என்னும் இளவரசி ரோம் நகருக்கு வந்து, செருமானியப் பேரரசன் மகன் இரண்டாம் ஓட்டோவை மணந்தாள். அம்மணத்தின்போது எழுதப்பட்ட உரிமைச் சாசனம் ஊதா நிறத் தோலில் பொன்னெழுத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அவளுக்கு அளிக்கப்பட்ட நிலங்களும் உரிமைகளும் அதில் விரிவாக உள்ளன. அவள் விருப்பத்தை அறியத்தான் வழியில்லை. ஆயினும் கணவன் இறந்த பின் சிறுவனான மகனுக்காக அப்பெண்மணி பேரரசையே நடத்தினாள் என்பதையும் வரலாறு சொல்கிறது.

இங்கே ஒன்றை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நூலகத்துப் பெண் கேட்ட வினாவை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பத்தாம் வகுப்பில் வேங்கி உறவைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பெயர்களைக் கோடுகளால் இணைத்து, மணக்குறி இட்டுக் கரும்பலகையை நிரப்பியிருந்தேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அம்மங்கை தேவிக்கு அந்த ஊர் பிடித்திருந்ததா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. “தேர்வில் அது வராது, உட்கார்” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் அவள் பெயர் இல்லை. மணம் முடிவாகியிருந்தது, எனக்கும் அழைப்பு வந்தது. பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறைய வேண்டும் என்னும் சட்டம் 1978-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்பதை அறிந்த நான், அவளுக்குப் பதினாறே என்பதையும் பள்ளிப் பதிவேட்டில் அறிந்த நான், பந்தியில் அமர்ந்து உண்டு, அட்சதை தூவி வந்தேன். அவள் தந்தையிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

அவள் வினாவைத் தேர்வில் வராதது என்று தள்ளியது ஆசிரியன் என்ற முறையில் நான் செய்த பிழை. அவ்வினாவுக்குக் கல்வெட்டில் விடை இல்லை என்பது உண்மையே. விடை இல்லை என்பதையாவது அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். எழுதியவர் எவற்றைப் பதிவு செய்யத் தக்கன என்று கருதினார், எவற்றை விட்டார் என்று காட்டுவதும் வரலாற்றுப் பாடமே. கல்லில் வெட்டுவித்தவர்க்கு யார் மகள், யார் தேவி என்பது வேண்டியிருந்தது. பிடித்திருந்ததா என்பது வேண்டியிருக்கவில்லை.

அந்த மௌனத்தை நாமே நிரப்பிக்கொள்வதிலும் இரண்டு இடர்கள் உள. அக்காலத்துப் பெண்டிர் யாவரும் மனமொப்பி மகிழ்ந்து வாழ்ந்தனர் என்பது ஒன்று. யாவரும் கண்ணீரிலேயே கிடந்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் சான்றில்லாதவை. சான்றுள்ளவற்றைக் காண்போம். குந்தவையாரின் தாய் வானவன் மாதேவியார், கணவர் சுந்தர சோழர் இறந்தபோது உடன் உயிர் நீத்தார். திருக்கோவலூர்க் கல்வெட்டு அவர் பால் குடிக்கும் மகவை விட்டுச் சென்றதாகக் கூறுகிறது. மணம் என்பது ஒரு பெண்ணின் உயிரையும் தன்னோடு கட்டிக்கொண்ட காலம் அது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அதே தாயின் மகளாகிய குந்தவையார் நெடுங்காலம் வாழ்ந்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் தந்தைக்கும் தாய்க்கும் படிமங்கள் எடுப்பித்தார். தந்தையின் பெயரால் அமைந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, அறக்கொடை அளித்தார். திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகருகே கோயில் எடுத்ததோடு, சமணப் பள்ளியும் அமைத்தார். இராசராசன் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டபோது, தான் கொடுத்தவற்றை அடுத்துத் தன் அக்கன் கொடுத்தவற்றைச் சொன்னான். தன் தேவியர் கொடுத்தவை அதற்குப் பின்னரே வருகின்றன. கொடை கொடுக்க வேண்டுமாயின் தன் கையில் பொருள் வேண்டும்; அதை ஆளும் உரிமையும் வேண்டும். கணவரை யார் தேர்ந்தார் என்பதில் அவர் குரல் நமக்குக் கேட்கவில்லை. தம் பொன்னை எங்கே இட வேண்டும் என்பதில் அவர் குரல் ஆயிரம் ஆண்டு கடந்தும் தெளிவாகக் கேட்கிறது.

மறு வாரம் நூலகத்தில் இவற்றை எல்லாம் சொன்னேன். அந்த மாணவர், “அப்படியானால் கல்கி எழுதியது பொய்யா?” என்று கேட்டார். அன்று. மணிமேகலை கல்வெட்டில் இல்லாதவள், கற்பனையில் பிறந்தவள். ஆனால் செம்பியன் மாதேவிக் கல்வெட்டில் ‘இன்னார் மகளார்’ என்று மட்டும் நிற்கும் பெண்களின் நிலையை நினைக்க அவள் நமக்கு உதவுகிறாள். ஆவணம் தராத மனத்தைக் கதை ஆசிரியர் உய்த்துணர்ந்து தருகிறார். அதை உய்த்துணர்வு என்று அறிந்து படிப்பது வாசகர் கடமை. எனவே சரித்திர நாவலைப் படிக்கும் மாணவர்க்கு நான் மூன்று வினாக்களைப் பரிந்துரைக்கிறேன். இப்பாத்திரம் கல்லிலோ செப்பேட்டிலோ உளதா? உளதாயின் அங்கே எத்தனை சொல்? மிச்சத்தை ஆசிரியர் எங்கிருந்து எடுத்தார்? இம்மூன்றையும் கேட்டால் கதையின் சுவை குறையாது. வரலாற்றின் அளவும் விளங்கும்.

முதிய நெசவாளர் கடைசியில் பேசினார். “பெற்றவர் பார்த்து முடித்த கல்யாணந்தான் எனதும். நன்றாகத்தான் வாழ்ந்தோம். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது கேட்கலாம் என்றால் அவள் இல்லை” என்றார். பிறகு அந்தக் கல்லூரிப் பெண்ணைப் பார்த்து, “அம்மணி, நீ கேட்டது சரியான கேள்வி” என்றார்.

மாணவச் செல்வங்களே! 1929-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்கு என்று வரையறுத்தது, 1949-இல் அது பதினைந்தாயிற்று, 1978-இல் பதினெட்டாயிற்று. அம்மங்கை தேவியின் மனத்தை அறிய இனி வழி இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் அக்காள் இருக்கிறாள், தங்கை இருக்கிறாள், அடுத்த வீட்டில் உங்களோடு படித்தவள் இருக்கிறாள். அவர்களுக்கு வரன் பேசும் நாளில் பெரியவர்கள் கூடியிருப்பார்கள். நல்ல இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கூட்டத்தில் நீங்களும் இருப்பீர்கள். நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்.